காருக்கு அடியில் சொன்னது

அன்று கார் ரிப்பேர் ஷெட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி இருந்தார். பட்டாசுக் கம்பெனி முதலாளி. கம்பெனி எம். புதுப்பட்டியில், வீடு விருதுநகரில். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. வலது பெருவிரலில் குறுக்கே ஒரு தழும்பு. சின்ன வயதில் கூலிக்கு வெடி செய்தபோது வெடித்தது. கையால் வேலை பார்த்து மேலே வந்தவர்.

அவருடைய மச்சினன் இருந்தார். அக்காளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு ஒரு தீபாவளிக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை.

கணக்கப்பிள்ளை இருந்தார். குடையோடு.

முதலாளி வீட்டு வாட்ச்மேன் இருந்தார். காரைக் கழுவித் துடைப்பதும் அவர்தான்.

எதிர்த்த டீக்கடைக்காரர் இருந்தார். காலி கிளாஸ் எடுக்க வந்தவர். போக மனம் வரவில்லை.

நான் இருந்தேன். பக்கத்துக் கடைசல் பட்டறை என்னுடையது. இரும்பு, பித்தளை எதுவானாலும் சொன்ன அளவுக்குக் கடைந்து கொடுப்பேன்.

மேஸ்திரி இருந்தார். ஆள் கண்ணில் படவில்லை. காருக்கு அடியில் கிடந்தார். பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

இருக்க வேண்டிய ஒருவர் இல்லை. கார் டிரைவர். அவரை முதல் நாள்தான் முதலாளி வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்.

காரில் கியர் பாக்ஸ் எண்ணெய் ஒழுகியது. அதுதான் விவகாரம். மேஸ்திரி ஒரு தடவை சரி செய்து கொடுத்தார். முன்னைவிட அதிகமாக ஒழுகியது. மறுபடி பார்த்தார். மறுபடியும் ஒழுகியது. தீபாவளி சீசன். ஆர்டர் பிடிக்க முதலாளி திருச்சி, சேலம் என்று போக வேண்டும். எண்ணெய் வற்றினால் பல்லும் பல்லும் கடித்து, கியர் நடுரோட்டில் இறுகிவிடும்.

மச்சினன், டிரைவர் மீது பழி சொன்னார். கியரை முரட்டுத்தனமாகப் போட்டு உள்ளே உடைத்துவிட்டான் என்றார். அவர் கையில் வேறு ஒரு டிரைவர் தயாராக இருந்தான். அது எல்லோருக்கும் தெரியும்.

முதலாளி மேஸ்திரியின் பாதங்களைப் பார்த்துப் பேசினார்.

"அவன் உடைச்சானா, நீரு கெடுத்தீரா? ரெண்டுல ஒண்ணு இன்னைக்குத் தெரியணும். அவன்னா, போனவன் போனவன்தான். நீருன்னா ஷெட்டைக் காலி பண்ணிக் குடுத்துரும்."

ஷெட் முதலாளியுடையது. வாடகைக்கு இருந்தார் மேஸ்திரி. பாதங்கள் அசையவில்லை.

மேஸ்திரியின் பேரை நான் எழுதவில்லை. பேர் சொல்வது அவருக்குப் பிடிக்காது. தன் பேர் மட்டும் இல்லை. யார் பேரும்.

அதுதான் அவர். வண்டி கெட்டு வரும். பிரிப்பார். எதனால் கெட்டது, யார் கையால் கெட்டது என்று தெரிந்துவிடும். வேலை தெரிந்த எவனுக்கும் தெரியும். மற்ற ஷெட்டுகளில் அதை ரோட்டுக்குக் கேட்கச் சொல்வார்கள். கூலி கூடக் கேட்க அது ஒரு வழி. மேஸ்திரி சொல்ல மாட்டார். கெடுத்த ஆளை மட்டும் கூப்பிடுவார்.

"வாங்க. கீழ படுங்க."

தரையில் தாள் விரித்திருக்கும். சிவகாசி அச்சாபீசில் கழித்துப் போட்ட தீப்பெட்டி லேபிள் தாள். வெட்டாத முழுத் தாள். வரிசை வரிசையாகப் புலி. மஞ்சள் ஒரு பக்கமும் கறுப்புக் கோடு ஒரு பக்கமுமாக விலகி அச்சான புலி. சாமி படம் போட்ட தாளும் கழிவில் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்க மாட்டார். "அதுல எப்படிய்யா படுக்கிறது?" என்பார்.

கூப்பிட்ட ஆள் புலிகள் மேல் மல்லாந்து படுப்பார். மேஸ்திரி பக்கத்தில் படுப்பார். விரலால் காட்டுவார். என்ன சொல்கிறார் என்று வெளியே கேட்காது. கால்கள் நாலு தெரியும். சில சமயம் ஒரு கால் பெருவிரல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். பிறகு எழுந்து வருவார்கள். அதோடு சரி. அதற்குப் பிறகு கூடப் பிறந்தவன் கேட்டாலும் வாய் திறக்க மாட்டார்.

தன் குற்றம் என்றால் படுக்க மாட்டார். நிற்பார். எல்லோர் முன்னாலும் நின்று சத்தமாகச் சொல்வார்.

ஒரு எண்ணெய் மண்டிக்காரர் கதை சொல்கிறேன். விருதுநகரில் எண்ணெய்க்குக் குறைவில்லை. அவர் மண்டியில் டின் டின்னாகக் கிடந்தது. ஜீப்புக்குக் கியர் ஆயில் தீர்ந்தது. கடைக்கு ஆள் விட யோசித்து, கையருகில் இருந்த கடலை எண்ணெயை ஊற்றிவிட்டார். எண்ணெய் எண்ணெய்தானே என்று நினைப்பு. நாலு நாள் ஓடியது. பிறகு கியர் விழவில்லை. தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டி ஷெட்டுக்குள் நுழையுமுன்னே வாசனை நுழைந்தது.

டீக்கடைக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். "எவன்யா நமக்கு முந்தி வடை போடுறது?"

மேஸ்திரி மண்டிக்காரரைக் கூப்பிட்டார். படுத்தார்கள். கால்கள் நாலு. எழுந்தார்கள். மண்டிக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

"என்ன மேஸ்திரி, என்ன கோளாறு?" என்றார் டீக்கடைக்காரர்.

"பழைய எண்ணெய். மாத்தணும்."

"வடை வாசம் தூக்குதே?"

"எனக்குச் சளி. ஒரு வாசமும் தெரியலை."

டீக்கடைக்காரர் விடவில்லை. ஒரு மாதம் கழித்துக் கேட்டார். "மேஸ்திரி, சளி விட்டுச்சா?"

"எங்க விடுது?" என்றார் மேஸ்திரி. மூக்கை உறிஞ்சியும் காட்டினார்.

இன்னொரு தடவை சாத்தூர் பஸ். மேஸ்திரி கியர் பாக்ஸ் எண்ணெய் மாற்றிக் கொடுத்தார். அடியில் ஒரு திருகு உண்டு. அதைக் கழற்றித்தான் பழைய எண்ணெயை வடிப்பது. புது எண்ணெய் ஊற்றும் முன் அதைக் கையால் மாட்டினார். ஸ்பானர் போட்டு இறுக்க மறந்துவிட்டார். பஸ் ஊரைத் தாண்டி நின்றுவிட்டது. ஆள் வந்து சொன்னான். சைக்கிளில் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தார்.

நாங்கள் போனபோது பஸ் முதலாளி டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். ஜனங்கள் ரோட்டில் நின்றார்கள். மேஸ்திரி சைக்கிளைப் போட்டுவிட்டு பஸ் படியில் ஏறினார்.

"டிரைவரை ஒண்ணும் சொல்லாதீக. திருகை இறுக்காம விட்டது நான்."

கூடை வைத்திருந்த ஒரு அம்மா முன்னால் வந்தது. "நீதானாக்கும் அது? என் கோழி ரெண்டும் கெறங்கிக் கெடக்கு, பாரு."

"ஆமா தாயி. நான்தான்."

"ஆமா தாயியாம்ல! கோழிக்குத் தண்ணி கொண்டாய்யா மொதல்ல."

கொண்டுவந்து கொடுத்தார். பிறகுதான் வண்டிக்கு அடியில் போனார்.

திரும்பும்போது நான் கேட்டேன். "பஸ் மொதலாளிகிட்ட மட்டும் சொன்னாப் போதாதா? அம்புட்டுப் பேரு முன்னால எதுக்கு?"

"டிரைவரைத் திட்டுனது எம்புட்டுப் பேருக்குக் கேட்டுச்சு?"

"எல்லாருக்கும்தான்."

"அப்ப இதுவும் கேக்கணும்ல."

மேடு வந்தது. இருவரும் இறங்கித் தள்ளினோம்.

எல்லாம் மெச்சும்படி இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு லாரி டிரைவர் இருந்தான். பிரேக் கட்டையைத் தேய்ந்த பிறகும் மாற்றாமல், முதலாளியிடம் மாற்றியதாகச் சொல்லி ஓட்டுகிறவன். மேஸ்திரி அவனைப் படுக்க வைத்துச் சொன்னார். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். வண்டியைக் கொடுத்து அனுப்பினார். அவன் மாற்றவில்லை. லாரி தீப்பெட்டி லோடோடு ஆமத்தூர்ப் பாலத்திலிருந்து கீழே இறங்கியது. கிளீனருக்குக் கை போயிற்று.

நான் நேராகவே கேட்டேன். "அன்னைக்கே நீங்க லாரி மொதலாளிகிட்ட சொல்லியிருந்தா?"

அவர் ஆஸ்பத்திரிக்கு இட்லி கொண்டுபோனார். கிளீனர் ஊருக்குப் போகும்வரை கொண்டுபோனார். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொள்வார். வேலை முடியாமல் சாவி வராது. யார் மேல் குற்றம் என்பதை அப்போதும் சொல்ல மாட்டார். அந்தப் பழக்கம் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம். அவருக்கும் அது தெரியும். அந்தப் பாலத்தின் மேல் அவர் சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்.

இனி கார் விஷயத்துக்கு வருகிறேன்.

கார் பழைய கறுப்புக் கார். வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போனது, கை மாறி வந்தது. கியர் பாக்ஸின் பின்பக்கம் எண்ணெயைத் தடுக்க ஒரு வளையம் இருக்கும். அது காய்ந்துவிட்டது. லேசாகக் கசிந்தது. மதுரையில் தேடியும் அந்த அளவு கிடைக்கவில்லை. மேஸ்திரி கம்பளியை வெட்டி வளையம் செய்தார். அதைப் பிடித்து உட்கார நான் பித்தளையில் ஒரு புஷ், சின்ன உருளை வளையம், கடைந்து கொடுத்தேன். மாட்டினார். இரவு முழுக்கத் தாள் விரித்து வைத்தார். காலையில் புலிகள் காய்ந்து கிடந்தன. காரைக் கொடுத்தார்.

ஒரு வாரம் போகவில்லை. கார் திரும்பி வந்தது. அடிப்பக்கம் முழுக்க எண்ணெய் வாரி அடித்திருந்தது.

இரண்டாம் தடவை, மூட்டுகளுக்கு இடையில் வைக்கும் பேக்கிங் எல்லாவற்றையும் மாற்றினார். வெடிக் குழாய் சுற்றும் பழுப்புக் காகிதத்தில் வெட்டினார். ஒட்டுவதற்கு அரக்கு. மத்தாப்பு மருந்தில் சேர்ப்பதற்குக் கம்பெனியில் வைத்திருப்பார்கள். அதை ஸ்பிரிட்டில் கரைத்துத் தடவினார். நல்ல வேலை. நான் பார்த்தேன். மறுபடி தாள் விரித்தார். புலிகள் காய்ந்து கிடந்தன. கார் போயிற்று. சிவகாசி போய் வருவதற்குள் பழைய கதை.

அப்போதுதான் மச்சினன் பேச்சு எடுத்தார். டிரைவர் நாலு வருஷமாக ஓட்டினவர். மூன்று பிள்ளைகள். பெண்சாதி வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறது. அவரை முதலாளி எல்லோர் முன்னாலும் வைத்துச் சாவியைக் கேட்டு வாங்கினார். "கியர் போடத் தெரியாதவனுக்குச் சாவி எதுக்கு?" என்றார். டிரைவர் காரை ஒரு தடவை துடைத்துவிட்டுப் போனாராம்.

மறுநாள் காலை கார் மூன்றாம் தடவையாக ஷெட்டுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். மேலே சொன்னவர்கள்.

மேஸ்திரி அடியில் கிடந்து என்னை மட்டும் கேட்டார். அப்போது நான் பக்கத்தில் குனிந்திருந்தேன்.

"நிக்கையில ஒழுகலை. ஓடையிலதான் ஒழுகுது. ஓட்டைன்னா நிக்கையிலயும் ஒழுகணும்ல?"

"ஆமா."

"உள்ள சூடாகுது. காத்து உப்புது. அதுக்குப் போக வழி இல்லை. அதான் எண்ணெயைத் தள்ளுது."

வெளியே வந்தார். முன் கதவைத் திறந்தார். காலடியில் விரித்திருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார். அதன் கீழ் ஒரு தகடு. கழற்றினார். கியர் பாக்ஸின் தலைப் பக்கம் தெரிந்தது. எண்ணெயும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து அப்பிக் கிடந்தது. அதில் ஒரு சின்ன மூச்சு ஓட்டை இருக்க வேண்டும். கையை விட்டுத் துடைத்தார். தடவினார். பித்தளைக் கம்பி ஒன்று கேட்டார். கொடுத்தேன். வெகு நேரம் நெம்பினார்.

பிறகு கையை வெளியே எடுத்தார். மூடியிருந்தது. எதையோ பிடித்திருந்தார். திறந்து பார்த்தார். மூடிக்கொண்டார்.

எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

ஊரில் எல்லோருக்கும் அவர் பழக்கம் தெரியும். நின்றபடி பேசினால் குற்றம் அவருடையது. கீழே கூப்பிட்டால் கூப்பிட்ட ஆளுடையது. எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

அவர் நிமிர்ந்து நின்றார்.

"ஒரு குத்தம் என்னோடது. ரெண்டு தடவையும் கீழயே பாத்தேன். மேல தெறந்து பாக்கலை. பாத்திருந்தா போன தடவையே முடிஞ்சிருக்கும்."

முதலாளி கையைத் தட்டினார். "சொன்னேன்ல? காலி பண்ணும்."

"இன்னொண்ணும் நின்னே சொல்லுதேன். டிரைவர் மேல குத்தம் இல்லை. கியர் ஒரு பல்லுக் கூட உடையலை. அவரு ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்லை."

மச்சினன் ஏதோ முணுமுணுத்தார்.

"அப்ப மிச்சம்?" என்றார் முதலாளி.

"மிச்சம் கீழ."

கணக்கப்பிள்ளை குடையை மடக்கினார். நிழலில்தான் நின்றார். ஏன் விரித்திருந்தார், ஏன் மடக்கினார் என்று தெரியாது.

யாரைக் கூப்பிட்டாலும் பழி அவர் தலையில். அது மேஸ்திரிக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பழக்கத்தை உண்டாக்கினவரே அவர்தான். துண்டால் கழுத்தைத் துடைத்தார். புதுத் தாள் ஒன்றை உருவி விரித்தார்.

"வாட்ச்மேன், வாங்க. படுங்க."

வாட்ச்மேன் முகம் செத்துவிட்டது. "சாமி, நான் வெளிய மட்டுந்தான் கழுவுவேன்..."

"படுங்கய்யா."

படுத்தார். கால்கள் நாலு. ஒரு வெற்றிலை மெல்லும் நேரம். எழுந்து வந்தார். முகத்தில் உயிர் வந்திருந்தது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. மச்சினன் சிரித்தார். "நான் நெனச்சேன். இவன்தானா?"

மேஸ்திரி தாளில் கிடந்தபடியே தலையை வெளியே நீட்டினார். "நீங்க வாங்க."

"யாரு, நானா?"

"ஆமா, உங்களைத்தான்."

"ஏன்யா, நான் காரைத் தொட்டதே இல்லையே!"

"தொடாதவங்களும் படுக்கலாம்."

மச்சினன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி வேறு பக்கம் பார்த்தார். மச்சினன் படுத்தார். வெகு நேரம் கிடந்தார். எழுந்தபோது சட்டை முதுகில் கறுப்பாக ஒரு வட்டம். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை.

அடுத்து டீக்கடைக்காரர்.

"யோவ், நான் கிளாஸ் எடுக்க வந்தவன்யா!"

"வாங்க."

"பாலு அடுப்புல கெடக்கு."

"அப்ப சீக்கிரம் வாங்க."

சட்டை கிடையாது. வெறும் முதுகோடு போய்ப் படுத்தார். எழுந்தபோது முதுகில் எண்ணெயோடு இரண்டு புலி ஒட்டிக்கொண்டு வந்தன. சாயம் காயாத தாள். கணக்கப்பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்தார். அவரையும் கூப்பிட்டார் மேஸ்திரி. குடையோடு படுக்க முடியாது. குடையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இதற்குள் எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எல்லோரையும் கூப்பிடுகிறார். எல்லோரும் படுத்தால் யார் என்று யாருக்கும் தெரியாது.

"மொதலாளி, வாங்க."

முதலாளி நின்றார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. ஷெட் வாசலில் தெருக்காரர்கள் கூடியிருந்தார்கள். அவர் கீழே படுத்து யாரும் பார்த்ததில்லை.

"என்னய்யா இது, கைரேகை பாக்கிறவன் மாதிரி ஆள் ஆளாக் கூப்பிடுதீரு?"

"ஆமா. கிட்டத்தட்ட அதுதான்."

முதலாளி செருப்பைக் கழற்றினார். வாட்ச்மேன் படுத்த தாளிலேயே படுத்தார். அதை யாரும் பேசவில்லை. பிறகும் பேசவில்லை.

அந்தத் தடவை நான் கால்களையே பார்த்தேன். மேஸ்திரியின் கால்கள் எப்போதும்போலக் கிடந்தன. முதலாளியின் ஒரு பெருவிரல் ஆடியது. பிறகு நின்றுவிட்டது. எல்லோருக்கும் ஆன நேரம்தான் ஆனது. எழுந்தார். சட்டையைத் தட்டவில்லை. வாசலைப் பார்த்து நின்றார்.

கடைசியில் நான். படுத்தேன். மேஸ்திரி கையில் ஒன்றும் இல்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"முதுகு வலிக்கு. அம்புட்டுப் பேரோடயும் படுத்து எந்திரிச்சாச்சு."

"என்கிட்ட என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்லை. செத்த நேரம் கெடங்க. உடனே எந்திரிச்சா மத்தவங்களுக்குச் சந்தேகம் வந்துரும்."

கிடந்தேன். கியர் பாக்ஸ் தலைக்கு மேல் இருந்தது. நான் கடைந்த புஷ் சரியாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து வந்தபோது முதலாளி வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏலே, ஓடு. டிரைவரைக் கூட்டிட்டு வா. கையோட."

குற்றம் யாருடையது என்று மேஸ்திரி சொல்லவே இல்லை, கடைசிவரை. மற்றவர்களும் தங்களிடம் என்ன சொன்னார் என்று சொல்லவில்லை. அவர்களிடமும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். பத்து வருஷம் போல ஆனபின் முதலாளியே என்னிடம் சொன்னார். மேஸ்திரி அப்போது உயிரோடு இல்லை. முதலாளி என் பட்டறை வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றார். நின்றுகொண்டே சொன்னார்.

"நான்தான்யா அடைச்சது."

முதல் தடவை கார் ஷெட்டிலிருந்து வந்ததும் அவருக்குச் சந்தேகம். தினமும் விரிப்பைத் தூக்கி, தகட்டைக் கழற்றி, எண்ணெய் அளவை அவரே பார்த்திருக்கிறார். தலைப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை தெரிந்திருக்கிறது. புழுதி உள்ளே போகுமே என்று தோன்றியிருக்கிறது. களிமண் எடுத்தார். வைத்தார். குச்சியால் கெட்டித்தார். பெருவிரலால் அமுக்கிச் சமமாக்கிவிட்டார். வெடிக் குழாயின் வாயை அடைப்பது அப்படித்தான். எட்டு வயதில் கற்றுக்கொண்ட வேலை.

"ஓட்டையைக் கண்டா என் கை சும்மா இருக்காதுய்யா. அந்த மண்ணைப் பாக்கிற வரைக்கும் செஞ்சதே எனக்கு ஞாபகம் இல்லை. கையைக் கழுவுன மாதிரி, பல்லு வெளக்குன மாதிரி."

"அவரு கீழ என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. மண்ணைக் காட்டுனாரு. சூட்டுல ஓடு மாதிரி இறுகிக் கெடந்துச்சு. மேல பெருவிரல் ரேகை. நடுவுல குறுக்க கோடு. தழும்பு. என் கையைப் பாக்கவே இல்லைய்யா அவரு. மண்ணை என் கையில வச்சு மூடிட்டாரு. 'குழாய் வாயை அடைச்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாததா'ன்னாரு. அம்புட்டுத்தான்."

"மண்ணு என்ன ஆச்சு?"

"வச்சிருக்கேன்," என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு நடந்ததில் இன்னும் கொஞ்சம் பாக்கி.

டிரைவர் வந்தார். வாட்ச்மேன் என்ன சொல்லிக் கூட்டி வந்தாரோ, வேர்த்து நின்றார். கையெல்லாம் தீப்பெட்டிப் பசை. வீட்டில் பெண்சாதியோடு உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார். எங்கள் முதுகுகளைப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை.

முதலாளி சாவியை நீட்டினார். டிரைவர் வாங்கவில்லை.

"எல்லாரு முன்னாலயும் வாங்குனீக மொதலாளி," என்றார்.

"எல்லாரு முன்னாலயும்தான தாரேன்?"

"குடுக்கிறது எல்லாரு முன்னாலயும் சரி. வாங்குனது எதுக்குன்னு?"

அவர் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. மச்சினன் கண்ணை உருட்டினார். முதலாளி சாவியை நீட்டியபடியே நின்றார். கை இறங்கவில்லை. மேஸ்திரி கார் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் யாரையும் கூப்பிடவில்லை. வேலை முடிந்துவிட்டது அவருக்கு.

முதலாளி சாவியைச் சட்டைப் பையில் போட்டார். மறுபடி செருப்பைக் கழற்றினார்.

"வாய்யா," என்றார் டிரைவரிடம். "கீழ படு."

டிரைவர் பயந்துவிட்டார். "மொதலாளி, நான் ஒண்ணும் செய்யலையே?"

"தெரியும். படு."

முதலாளி முதலில் படுத்து நகர்ந்து இடம் கொடுத்தார். டிரைவர் பக்கத்தில் படுத்தார். மேஸ்திரி எழுந்து டீக்கடைப் பக்கம் போய்விட்டார். கேட்கக் கூடாது என்று போனார். நாங்களும் நகர்ந்தோம்.

கால்கள் நாலு. மேஸ்திரியுடையது இல்லாமல் நாலு கால் பார்த்தது அன்றைக்குத்தான். நாங்கள் டீ குடித்து முடிக்கிற வரைக்கும் அவர்கள் எழவில்லை. நடுவில் ஒரு தடவை உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. யார் சிரித்தது என்று தெரியவில்லை. டீக்கடைக்காரர், "என்னய்யா, அங்கன குடித்தனமே நடத்திருவாக போலிருக்கே," என்றார். மேஸ்திரி மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

எழுந்து வந்தபோது சாவி டிரைவர் கையில் இருந்தது.

மேஸ்திரி தகட்டை மாட்டினார். விரிப்பைப் போட்டார். கார் சிவகாசி வரை போய்த் திரும்பியது. டிரைவர்தான் ஓட்டினார். முதலாளி பின் சீட்டில் உட்காரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து போனார். திரும்பி வந்ததும் மேஸ்திரி புதுத் தாள் விரித்தார். நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். புலிகள் நனையவில்லை.

"சரியாப் போச்சா?" என்றார் முதலாளி.

"இப்ப மூச்சு விடுது," என்றார் மேஸ்திரி.

ஷெட்டைக் காலி செய்வது பற்றி அதன் பிறகு பேச்சு எழவில்லை.

பொழுது சாய்ந்தது. எல்லோரும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம். மதுரை ரோட்டில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். முதலாளி முன்னால் நடந்தார். நான் கடைசியில் வந்தேன். என் முன்னால் போனவர்களை எண்ணினேன். என்னுடையதையும் சேர்த்துக்கொண்டேன். மேஸ்திரியைச் சேர்க்கவில்லை, அவர் முதுகு எப்போதும் அப்படித்தான்.

எண்ணெய்க் கறை பட்ட முதுகு ஏழு.